விரிசலுக்கு ஓர் அங்குலம் தள்ளி

அன்று, வண்டியில் கட்டி இழுத்துச் செல்லும் அந்த வீட்டு டிரெய்லருக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். சமையல் மேடையை ஒட்டிய சாப்பாட்டு மேசையில், ஜன்னல் பக்கத்து இருக்கையில், கோரி பெல்நாப். டிரெய்லர் செய்த தொழிற்சாலை அனுப்பிய பரிசோதகர். அவருக்கு எதிரே, கதவைப் பார்த்தபடி, டுவேன் டோஸ்ட்ருட். டிரெய்லரின் சொந்தக்காரர், வயது எழுபத்து மூன்று. வாசல் படியில், பாதி உடம்பு உள்ளேயும் பாதி மழையிலுமாக, பக்கத்து டிரெய்லரில் குடியிருக்கும் ரெஜி ஹல்பர்ட். அடுப்புக்கு அருகே கவிழ்த்துப் போட்ட பால் பெட்டியின் மேல், மடியில் நீல அட்டை நோட்டுடன், டுவேனின் மனைவி வெர்லா. பின்பக்கத்து நீள சோஃபாவில் யாரும் உட்காரவில்லை. அதன் கீழே தரை போய்விட்டது.

யார் எங்கே உட்காருவது என்று வெர்லாதான் காலையிலேயே முடிவு செய்து வைத்திருந்தாள். மின்னசோட்டாவில் ஒரு சிறிய ஊரின் பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் நாற்காலி போட்டதும் குறிப்பு எழுதியதும் அவள்தான். அங்கே பதவியைப் பார்த்து இடம் ஒதுக்குவாள். இங்கே எடையைப் பார்த்து ஒதுக்கியிருந்தாள். ஹல்பர்ட் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர், ஆள் பீப்பாய் மாதிரி. அவரைப் படிக்கு இந்தப் பக்கம் விட முடியாது.

"நான் உள்ள வந்துட்டா தம்பிக்கு வேலை மிச்சம்," என்றார் ஹல்பர்ட், பெல்நாப்பைப் பார்த்து. "ஒரே மிதி. கீழ சக்கரம் வரைக்கும் தெரியும்."

பெல்நாப் மரியாதைக்குச் சிரித்தார். டுவேன் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, நவம்பர் மாதம், காலை ஒன்பதரை. ஓரிகன் கடற்கரையில் அந்த மாதத்தில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை, நின்றால்தான் சொல்வார்கள்.

உத்தரவாதம் முடிந்து நாற்பத்தோராம் நாள் வெர்லா அதைக் கண்டுபிடித்தாள். குளிர் வந்துவிட்டதே என்று சோஃபாவுக்குப் பக்கத்து அலமாரியில் கம்பளிச் சட்டை எடுக்கப் போனாள். சட்டை ஈரமாக இருந்தது. அலமாரியின் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. சுவரின் மேல்தாள் மட்டும் சுவராக நின்றுகொண்டிருந்தது. உள்ளே மரச்சட்டம் பாலில் ஊறிய ரொட்டி போல் பிய்ந்து வந்தது, அதன் மேல் கறுப்பாகப் பூசணம். எழுந்து பின்னால் ஒரு அடி வைத்தபோது குதிகால் தரைக்குள் இறங்கியது.

அப்போதே கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. வீடு என்று ஒன்று இல்லாமல் சக்கரத்தின் மேல் வாழ்கிறவர்களுக்குத் தபால் நேராக வருவதில்லை. தெற்கு டகோட்டாவில் ஒரு தபால் பெட்டிதான் சட்டப்படி அவர்களுடைய முகவரி. வருஷத்துக்கு ஒரு ராத்திரி அந்த ஊரில் தங்குவார்கள், அங்கிருந்து கடிதங்கள் அவர்களைத் துரத்திக்கொண்டு வரும். வந்த பதில் இதுதான்: இரண்டு வருஷ உத்தரவாதம் முடிந்துவிட்டது, ஆகவே நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. ஆனால் தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை கூரையைச் சோதித்து, விட்டுப்போன இடங்களில் நீர் புகாத பசை போட்டு வந்ததற்கு உரிமையாளரிடம் ஆதாரம் இருந்தால், நல்லெண்ணத்தின் பேரில் பழுது பார்த்துத் தருவது பற்றி யோசிக்கலாம். ஒருவரை அனுப்புகிறோம்.

மின்னசோட்டா வீட்டை விற்றுத்தான் இந்த டிரெய்லரும் இதை இழுக்கும் பெரிய பிக்கப் லாரியும் வாங்கியது. டிரெய்லர்கள் வந்து தங்கும் இந்த முகாமில் இருவரும் காவலாட்கள்: டுவேன் விறகு பிளந்து விற்பார், வெர்லா கழிப்பறை கழுவி, வருகிறவர்களின் பெயரைப் பதிவாள். அதற்குப் பதிலாக நிறுத்த இடமும் தண்ணீரும் மின்சாரமும். பூசணம் பிடித்த வண்டியை டிசம்பருக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது என்று மேலாளர் வருத்தத்தோடுதான் சொல்லியிருந்தார். கம்பெனி பழுது பார்த்துத் தந்தால் வீடு உண்டு. இல்லையென்றால் மின்னசோட்டாவில், ஃபெர்கஸ் ஃபால்ஸில், டுவேனின் தங்கை ஹெலன் வீட்டு நிலவறை உண்டு. அதிலும் தங்கை இன்னும் சரி என்று சொல்லவில்லை.

ஆதாரம் வெர்லாவின் மடியில் இருந்தது.

பெல்நாப் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். தேதி, ஊர், வானிலை, நேரம். கூரையின் ஒவ்வொரு துளைக்கும் இணைப்புக்கும் ஒரு வரி: காற்றுக்குழாய், குளிர்சாதனம், குளியலறைக் கூரைக்கண்ணாடி, முன்பக்க இணைப்பு, பின்பக்க இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே நிலைமை. இரண்டு வருஷத்தில் ஒரு தொண்ணூறு நாள் கூடத் தவறவில்லை.

"பத்தொன்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன்மா," என்றார். "நோட்டு வெச்சிருக்கேன்னு எல்லாரும் சொல்வாங்க. நிஜமாவே வெச்சிருக்கறது நீங்கதான் முதல் ஆள்."

வெர்லாவுக்கு முகம் சூடாயிற்று. அதை மறைக்க, சோதனை எப்படி நடக்கும் என்று விவரித்தாள். அவள் ஏணியைப் பிடித்துக்கொள்வாள். டுவேன் மேலே போவார். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் குரல் கொடுப்பார், அவள் ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி மறு கையால் எழுதுவாள். பசை போட வேண்டுமென்றால் அப்போதே போடுவார்.

மழை கொஞ்சம் விட்டதும் பெல்நாப் ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு கூரைக்குப் போனார். தலைக்கு மேல் அவர் நடப்பது கேட்டது. பின்பக்கம் போனார், நின்றார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

இறங்கி வந்தவர் கைக்கணினியில் எடுத்திருந்த படத்தை முதலில் டுவேனிடம் நீட்டினார். டுவேன் அதை வாங்கி, கொஞ்சம் தலையைச் சாய்த்து, பார்த்தார்.

"பாத்தீங்களா தம்பி? எப்படிச் சுத்தமா இழுத்திருக்கேன். உங்க ஆலையில போட்டதை விட நேரா இருக்கும்."

பெல்நாப் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கைக்கணினியை மெதுவாக எடுத்து வெர்லாவிடம் கொடுத்தார்.

படத்தில் குளியலறைக் கூரைக்கண்ணாடியின் சட்டம். சட்டத்தை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்கு, விரிசல். விரல் நுழையும் அகலம். அதற்குள் பச்சையாகப் பாசி, நன்றாக வேர்விட்டு, மழையில் தழைத்திருந்தது. விரிசலிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, அதற்கு இணையாக, நான்கு பசைக்கோடுகள். பழையது மஞ்சள், அடுத்தது பழுப்பு, அதற்கடுத்தது சாம்பல், கடைசியாகப் போட்டது இன்னும் வெள்ளை. ஒன்றை ஒட்டி ஒன்றாக, நேர்த்தியாக, விரலால் தடவி விடப்பட்ட நான்கு கோடுகள். ஒன்று கூட விரிசலைத் தொடவில்லை.

நோட்டில் அந்த நான்கு வரிகளும் இருந்தன. 'கூரைக்கண்ணாடி ஓரம்: மெல்லிய கோடு, பசை போட்டாயிற்று.' 'மறுபடி பசை.' 'மறுபடி, பத்திரத்துக்கு.' 'கெட்டியாக இருக்கிறது.'

ஹல்பர்ட் படியிலிருந்து எட்டிப் படத்தைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது, ஆனால் அவருக்கு அமைதி ஆகாது.

"அது அந்தப் பய வேலை இல்ல?" என்றார். "வசந்த காலத்துல வேன்ல வந்தானே, ரிப்பேர் பண்றேன் ரிப்பேர் பண்றேன்னு. காசை வாங்கிட்டு ஓடினான். டுவேன், நீ அவன்கிட்டதான கொடுத்த?"

அப்படி ஒருவன் வந்ததே இல்லை. டுவேன் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு, "ஆமா," என்றார். "அவன்தான்."

பெல்நாப் யாரையும் பார்க்காமல் படிவத்தில் எதையோ எழுதினார். கூலிக்கு வந்த ஆள் வேலையைக் கெடுத்துவிட்டான் என்றால், உரிமையாளர் தன் கடமையைச் செய்துவிட்டார் என்று அலுவலகம் எடுத்துக்கொள்ளும் என்றார். நோட்டும் இருக்கிறது. அதை ஒரு கடிதமாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பத்து நாளைக்குள் அனுப்பினால் நடக்கும் என்றே தோன்றுகிறது. பழுது பார்ப்பது இந்தியானா ஆலையில்தான். ஜனவரி முதல் வாரத்துக்குள் வண்டி அங்கே வந்து சேர வேண்டும். கொண்டு வருவது உரிமையாளர் பொறுப்பு.

வெர்லா குடை பிடித்து அவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டாள். பெல்நாப் கார் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றார்.

"வண்டி யாரும்மா ஓட்டறது?"

"அவர்தான்."

"நீங்க?"

"நான் இழுவை வண்டி ஓட்டக் கத்துக்கலை."

பெல்நாப் டுவேனின் பிக்கப்பைப் பார்த்தார். அதன் வலது முன்மூலையில் மூன்று தடவை நசுங்கி மூன்று தடவை நிமிர்த்திய தடம் இருந்தது. "இங்கேர்ந்து இந்தியானா ரெண்டாயிரத்து சொச்சம் மைல்," என்றார். "ரெண்டு மலை. ஜனவரியில பனி." அதற்கு மேல் சொல்வது தன் வேலை இல்லை என்பது போலக் கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் டுவேன் விறகுக் கொட்டகைக்குப் போனதும் வெர்லா ஏணியை எடுத்து வைத்தாள். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஹல்பர்ட்டைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. கைப்பிடிச் சட்டத்தில் ஏணியைக் கயிற்றால் கட்டிவிட்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். வாங்கி இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியும் தன் வீட்டுக் கூரையை அவள் பார்த்ததே இல்லை.

கூரைக்கண்ணாடி வரை முழங்காலால் தவழ்ந்து போனாள். படத்தில் பார்த்ததை விடப் பாசி செழிப்பாக இருந்தது. பசைக்கோடுகளில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. கண்ணாடிச் சட்டத்தின் விளிம்பைக் கையால் தடவி, அங்கிருந்து இவ்வளவு தூரம் என்று அளந்து, போட்டிருக்கிறார். பார்த்துப் போடவில்லை. தடவித் தடவிப் போட்டிருக்கிறார். கூரையின் மேல் போர்த்திய ரப்பர் விரிப்பில் இருந்த ஒரு மடிப்பைத்தான் விரிசல் என்று விரல் நினைத்திருக்கிறது.

உத்தரவாதம் இருந்த காலத்தில், இந்த நான்கு தடவைகளில் ஏதாவது ஒரு தடவை, அவள் ஏறிப் பார்த்திருந்தால் போதும். ஒரு கடிதத்தோடு, சல்லிக்காசு செலவில்லாமல் முடிந்திருக்கும். அவள் கீழே நின்றுகொண்டு சொன்னதை எழுதினாள். தேதி சரியாக, வானிலை சரியாக.

மழை மறுபடி தூறியது. அவள் இறங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, கடந்த ஒரு வருஷத்தைத் தேதி வாரியாக நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு வேறு மாதிரி நினைக்க வராது. போன குளிர்காலம் அரிசோனாவில் இருந்தபோது டுவேன் யூமாவில் கண் டாக்டரிடம் போனார். கண்ணாடி மாற்றச் சொன்னார் என்றார், மாற்றவில்லை. பிப்ரவரியிலிருந்து, சாலைப் பலகைகளை உரக்கப் படி, பேச்சுத் துணையாக இருக்கும் என்றார். அவளும் படித்தாள். மார்ச்சில் பெட்ரோல் போடுகிற இடத்தில் எண்ணைப் படிக்கச் சொன்னார், வெயில் கூசுகிறது என்று. ஏப்ரலில் ஒரு முகாமின் தபால் பெட்டிக் கம்பத்தில் பிக்கப்பை இடித்தார். மே மாதம் ஒரு வேலிக்காலில்.

ஜூன் பதினாறு, வயோமிங்.

அங்கே சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வழியை அடைத்து, கொடிப் பலகை பிடித்து ஒரு ஆள் நின்றான். 'நில்' என்று அவன் காட்டியிருந்தான் என்று இப்போது தெரிகிறது. டுவேன் நிறுத்தவில்லை. அந்த ஆள் பள்ளத்துக்குள் பாய்ந்தான். பலகை பறந்துபோய் வண்டியின் முன்கண்ணாடியில் அடித்தது. வெர்லா மடியில் நிலப்படத்தை வைத்துக் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது பார்த்தது சாலை நடுவிலிருந்து குதிக்கிற ஒரு மனிதனை மட்டும்தான். பட்டப்பகலில் நடுச்சாலையில் நின்று விளையாடுகிறான் என்றார் டுவேன். அவளுக்கும் கோபம் வந்தது. அன்று சாயங்காலமே சாலை வேலை எடுத்திருந்த குத்தகைக்காரருக்குக் கடிதம் எழுதினாள். இடம், நேரம், மைல் கல் எண், அந்த ஆளின் சட்டை நிறம் எல்லாம் போட்டு, இரண்டு பக்கம். ஜூலையில் பதில் வந்தது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி, சம்பந்தப்பட்ட பணியாளர் இப்போது எங்களிடம் இல்லை.

அந்தப் பதிலைக் கோப்பில் வைத்திருந்தாள். திருப்தியோடு வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மேசையைத் துடைத்து, தாள் எடுத்து வைத்தாள். டுவேன் எதிரே உட்கார்ந்து, காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொல்ல ஆரம்பித்தார். ராத்திரியே யோசித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. ஏப்ரலில் ஒரு வெள்ளை வேன் வந்ததையும், வந்தவனுக்குத் தாடி இருந்ததையும், பெயர் டாம் என்றோ டிம் என்றோ சொன்னதையும் வரிசையாகச் சொன்னார். பேனா நகரவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. அதாவது, பார்க்கவில்லை.

"டுவேன்," என்றாள். "எப்பலேர்ந்து?"

"எது?"

"நான் கூரைக்குப் போயிட்டு வந்தேன்."

அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். மேசை விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார். இதைத்தான் எத்தனை மாதமாகப் பார்த்திருக்கிறாள்.

"தனியாவா ஏறின? விழுந்து தொலைஞ்சிருந்தா?"

"எப்பலேர்ந்துன்னு கேட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நடுவுல மட்டும்தான் இல்ல," என்றார் கடைசியில். "யாரையாவது பாத்தா மூஞ்சி இருக்காது, காது இருக்கும். ஓரமெல்லாம் சுத்தமா தெரியுது வெர்லா. ரோட்டுல வலது பக்கம் வெள்ளைக் கோடு போகுதில்ல, அதைப் புடிச்சிக்கிட்டே போயிருவேன். மிச்சத்துக்கு நீ இருக்க."

"யூமா டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஓட்டாதன்னாரு."

"நீ வந்து என்கிட்ட கண்ணாடி மாத்தணும்னு சொன்ன."

"ஓட்டாம என்ன பண்றது? நீயும் ஓட்ட மாட்ட. ஓட்டாட்டி இது வீடு இல்ல, பெட்டி." பிறகு குரலை இறக்கி, கெஞ்சுகிற மாதிரி: "ஒரே ஒரு தடவை. இந்தியானாவுக்கு மட்டும். ரிப்பேர் ஆகட்டும், அப்புறம் எங்கயாவது ஒரு இடத்துல நிறுத்திட்டு, சாவிய உன் கையில குடுத்தர்றேன். சத்தியமா."

அவள் ஹல்பர்ட்டைக் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். ஹல்பர்ட் வாழ்நாள் முழுக்க மலைச்சாலையில் மரம் ஏற்றி ஓட்டியவர். டுவேன் முகம் மாறியது. தன் வண்டியை அந்தப் பீப்பாய் ஓட்ட, தான் பக்கத்தில் மூட்டை மாதிரி உட்கார்ந்து வருவதா என்று கேட்டார். தான் செத்த பிறகு யார் வேண்டுமானாலும் ஓட்டட்டும். அதோடு, ஜனவரியில் பழுது முடிந்தால் பிப்ரவரியில் யூமா போய்விடலாம் என்று நேற்றே முகாமுக்குப் போன் செய்து இடம் சொல்லி வைத்தாகிவிட்டது. இதைச் சொன்ன பிறகுதான், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் செய்த சத்தியம் அவருக்கு நினைவுக்கு வந்தது.

வெர்லா அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை என்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

"வயோமிங்ல கொடி புடிச்சிட்டு நின்னானே, அவனைப் பாத்தியா நீ?"

அவர் காபிக் கோப்பையை மறுபடி கையால் தேடி எடுத்தார்.

"டுவேன். பாத்தியா?"

"கோடு தெரிஞ்சுது," என்றார். "ஆளு தெரியல. சத்தம் கேட்டப்புறம்தான் அது ஆளுன்னு."

"அவன் வேலைய நான் புடுங்கிட்டேன். ரெண்டு பக்கம் எழுதி."

"அதை நீதான எழுதின. நான் எழுதச் சொல்லலையே."

அது உண்மைதான். அவள் தலையசைத்தாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்துத் தேதி போட்டாள்.

"இதை எழுதாட்டி," என்றார் அவர், "எங்க இருப்போம்னு யோசிச்சியா? ஹெலன் வீட்டு நிலவறை. அவ புருஷன் தினமும் காலைல மேல நின்னுகிட்டு நாம எழுந்தாச்சான்னு காலால தட்டுவான். சாகற வரைக்கும். அதுவா வேணும் உனக்கு?"

"வேணாம்."

"அப்ப எழுது. டாம்னு போடு."

அவள் எழுதினாள். டாம் என்று போடவில்லை. எழுத எழுத உரக்கப் படித்தாள். அவரால் படிக்க முடியாது என்று தெரிந்த பிறகு, படிக்காமல் எழுதுவது திருட்டுத்தனமாகப் பட்டது.

'மதிப்பிற்குரியீர், எங்கள் டிரெய்லரின் கூரை தொடர்பாக நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நோட்டில் உள்ள தேதிகள் சரியானவை. பசை போட்டது கூலியாள் அல்ல, என் கணவர். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. விரிசலை அவரால் பார்க்க முடியவில்லை. நான் ஏறிப் பார்க்கவில்லை. உங்கள் பரிசோதகர் எங்களிடம் நியாயமாக நடந்துகொண்டார். வண்டியை இந்தியானாவுக்குக் கொண்டுவர எங்களிடம் ஓட்டுநர் இல்லை.'

கடைசி வரியில் டுவேன் எழுந்துவிட்டார்.

"ஓட்டுநர் இல்லையா?"

"இல்லை."

"அம்பது வருஷமா ஓட்டறேன். உன்னை அலாஸ்கா வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒரு கீறல் விழுந்ததில்ல."

"ஞாபகம் இருக்கு டுவேன்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கேக்கறதுக்குத்தான் ரெண்டு கையெழுத்து வேணும்," என்றாள். "வேணாம்னு சொல்றதுக்கு ஒண்ணு போதும்."

அவர் கொக்கியில் தொங்கிய மழைச்சட்டையைத் தடவி எடுத்துக்கொண்டார். கதவருகே தொங்கிய சாவியையும் எடுத்தார். வெர்லா எழுந்து தடுக்கப் பார்த்து, உட்கார்ந்துவிட்டாள். முகாம் வாசலில் சங்கிலி போட்டிருக்கிறது, சங்கிலிச் சாவி அவள் இடுப்பில். படி இறங்குகிற சத்தம். பிக்கப்பின் கதவு. இன்ஜின் ஓடத் தொடங்கியது. வண்டி நகரவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, மழை அதன் மேல் பெய்துகொண்டிருந்தது.

கையெழுத்துப் போட்டாள். நோட்டையும் அதோடு வைத்து அனுப்பலாமா என்று யோசித்தாள். வேண்டாம் என்று அலமாரியின் மேல்தட்டில், ஈரம் ஏறாத இடத்தில் வைத்தாள். பிறகு அங்கிருந்து எடுத்து, குப்பைப் பையில் போட்டாள்.

உறையின் ஒட்டும் பசை ஈரக்காற்றில் தானாகவே பாதி ஒட்டியிருந்தது. பிரித்து, தாளை உள்ளே வைத்து, மறுபடி ஒட்ட அது பிடிக்கவில்லை. இழுப்பறையில் தேடி, ஒட்டுநாடா எடுத்து இரண்டு பக்கமும் ஒட்டினாள். அனுப்புநர் முகவரியில் தெற்கு டகோட்டாப் பெட்டி எண்ணை எழுதினாள். வேறு முகவரி இன்னும் இல்லை.

பதினோரு மணிக்குத் தபால் வண்டி முகாம் அலுவலகத்துக்கு வரும். பத்தே முக்காலுக்குக் குடையோடு இறங்கினாள். பிக்கப்பின் பக்கமாகத்தான் போக வேண்டும். டுவேன் ஓட்டுநர் இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். துடைப்பான்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் முன்கண்ணாடிக்கு நேர் எதிரே, ஐந்தடி தூரத்தில், நின்றாள். அவர் பார்வை அவள் மேல் நின்றது; அசையவில்லை, முகம் மாறவில்லை. குடையை லேசாக ஆட்டினாள். ஒன்றுமில்லை. அவள் விலகி, வலது பக்கமாக நடந்தபோதுதான் அவர் தலை சட்டென்று திரும்பியது.

அவள் நிற்காமல் போனாள்.

ஹல்பர்ட் தன் டிரெய்லர் கூரைத் துணிக்குக் கீழே நாயோடு நின்றுகொண்டிருந்தார். அவள் கையில் இருந்த உறையைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த பிக்கப்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மழையில் இறங்கி, பிக்கப்பை நோக்கி நடந்துபோய், மறு பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். வண்டி அந்தப் பக்கம் சரிந்தது.

வெர்லா வாசல் சங்கிலியை அவிழ்த்துத் தபால் வண்டியை உள்ளே விட்டு, மறுபடி பூட்டினாள். தபால்காரப் பெண் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி, முகாமுக்கான கட்டைக் கொடுத்தாள். வெர்லா உறையை நீட்டினாள்.

"அவசரமா? பதிவுல போடணுமா?"

"இல்ல. சாதாரணத் தபால் போதும்."

அந்தப் பெண் எடையைக் கையாலேயே பார்த்து, போதும் என்று தலையசைத்து, உறையை மற்ற கடிதங்களோடு தட்டில் செருகி, கதவை இழுத்துச் சாத்தினாள். வெர்லா முன்னால் போய் வாசல் சங்கிலியை அவிழ்த்துத் தாழ்த்தினாள். தபால் வண்டி அதைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறி, கிழக்கே திரும்பியது.